அசைன்மென்ட்டில் 92, தேர்வில் 29: பொறியியல் முதலாண்டு மாணவிக்கு ஒரு பதில்

கடிதத்தின் சாரம்

பள்ளிக்காலம் முழுவதும் வகுப்பின் முதல் சில இடங்களுக்குள்ளேயே இருந்த மாணவி ஒருவர், சிவில் பொறியியல் பட்டப்படிப்பில் சேர்ந்து முதல் பருவத்தின் பாதியைக் கடந்திருக்கும் நிலையில் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். இடைத்தேர்வில் கணிதத்தில் 100க்கு 34, எஞ்சினியரிங் மெக்கானிக்ஸில் 29, நிரலாக்கத்தில் 48 மதிப்பெண்கள் வந்திருக்கின்றன. அதே மெக்கானிக்ஸ் பாடத்தின் அசைன்மென்ட்களில் அவருடைய சராசரி 92. நாள்தோறும் வகுப்பு முடிந்தபின் ஆறு மணி நேரம் படிப்பதாகவும், நான்கு மணி நேரமே உறங்குவதாகவும், குறிப்பேட்டைப் படிக்கும்போது எல்லாம் புரிந்தும் தேர்வறையில் மூளை நின்றுவிடுவதாகவும் சொல்கிறார். ஏறத்தாழ முந்நூறு பேர் அமரும் விரிவுரை அரங்கில் தன்னைத் தவிர எல்லாருக்கும் பாடம் விளங்குகிறது என்று நினைக்கிறார். சந்தேகம் கேட்டால் தன் நிலை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிப் பேராசிரியரை ஒருமுறையும் அணுகியதில்லை. திருத்திய விடைத்தாளைப் போய்ப் பார்க்கவும் மனம் வரவில்லை. ஒரு கணக்கில் எண் சரியாக இருந்தும் அலகு எழுதாததற்காக மதிப்பெண் குறைத்தது அநியாயம் என்கிறார். வீட்டில் எதையும் சொல்லவில்லை. கணினிப் பிரிவுக்கு மாறுவதா, படிப்பையே விட்டுவிடுவதா, பொறுத்துக்கொண்டு தொடர்வதா என்பது அவருடைய கேள்வி.

இவற்றுக்கிடையே, வேறெதையோ சொல்லிக்கொண்டு போகும்போது வந்து விழுந்தவை போல இரண்டு வரிகள் இருக்கின்றன. "அசைன்மென்ட்டுக்கு நண்பரின் விடையையோ இணையத்தில் கிடைப்பதையோ பார்த்துப் புரிந்துகொண்டு எழுதுகிறேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பது ஒன்று. "சில இரவுகளில் இனி எதுவுமே வேண்டாம் என்று இருக்கிறது" என்பது மற்றொன்று. மதிப்பெண்களைவிட இந்த இரண்டு வரிகளே என்னை அதிகம் யோசிக்க வைத்தன.

முதலில் அந்த இரவுகளைப் பற்றி

அன்புள்ள மாணவிக்கு,

"எதுவுமே வேண்டாம்" என்று நீங்கள் எழுதியதற்கு, இந்தப் படிப்பு வேண்டாம், இந்த ஓட்டம் வேண்டாம் என்று மட்டும் பொருள் இருக்கலாம். களைத்துப்போனவர்கள் பலர் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அதற்கு உயிரோடு இருக்க வேண்டாம் என்ற பொருளும் இருக்குமானால், அல்லது அந்த எண்ணம் ஒருமுறையேனும் வந்து போயிருக்குமானால், இந்தப் பதிலின் மற்ற பகுதிகளை அப்படியே வைத்துவிட்டு இன்றே ஒருவரிடம் நேரில் சொல்லுங்கள். பல்கலைக்கழக மனநல ஆலோசகர், மருத்துவர், விடுதிப் பொறுப்பாளர், நம்பிக்கைக்குரிய தோழி என யாராக இருந்தாலும் சரி. உங்களையே வருத்திக்கொள்ளும் உந்துதல் இப்போதே இருந்தால் தனியாக இராதீர்கள். அவசர உதவி எண்ணை அழையுங்கள். இதைச் சொல்வதற்கு நிலைமை முற்றியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஆலோசகரிடம் பேசுவது பொதுவாக உங்கள் கல்விப் பதிவேட்டில் ஏறுவதில்லை, உங்கள் ஒப்புதலின்றித் துறைக்கோ வீட்டுக்கோ தெரிவிக்கப்படுவதுமில்லை. உயிருக்கு ஆபத்து என்று அவர் கருதும் சூழல் மட்டும் விதிவிலக்கு. அந்த வரம்பு என்னவென்று முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

நான்கு மணி நேர உறக்கத்தையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை; நீங்கள் அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறீர்கள். பகலில் கற்றது நினைவில் நிலைபெறுவதில் உறக்கத்துக்குப் பங்கு உண்டு என்பதால், உறக்கத்தை வெட்டிப் படிக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கில் சேர்வதில்லை. பல வாரங்களாக உறங்காதவருக்கு எதிர்காலமும் இருண்டுதான் தெரியும். ஆகவே, படிப்பைத் தொடர்வதா விடுவதா என்ற முடிவை இந்த உறக்கத்தோடு எடுக்க வேண்டாம்.

92க்கும் 29க்கும் இடையில்

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு நீங்கள் தரும் விளக்கம் தேர்வுப் பதற்றம். பதற்றம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பதற்றம் மட்டுமே இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்குவது அரிது. உங்கள் கடிதத்தையே மீண்டும் படித்துப் பாருங்கள்: அசைன்மென்ட்டில் நீங்கள் செய்தது ஒருவர் ஏற்கெனவே கண்டுபிடித்த வழியைப் பின்தொடர்ந்தது, தேர்வில் கேட்கப்பட்டது வழியைக் கண்டுபிடிப்பது. அந்த 92 உங்கள் திறனை அளக்கவே இல்லை. அப்படியானால் 29ஐக் கண்டு, திடீரென்று விழுந்துவிட்டோம் என்று அதிர்வதற்கும் இடமில்லை. நீங்கள் முதன்முறையாகத் தனியாகக் கணக்குப் போட்டது அந்தத் தேர்வறையில்தான். முதல் முயற்சிக்குக் கிடைத்த மதிப்பெண் 29.

பிறர் ஓட்டும் வண்டியில் பின்னால் அமர்ந்து பலமுறை போய்வந்த பாதை நமக்குத் தெரிந்த பாதையாகவே தோன்றும். தனியாகப் போகச் சொன்னால்தான் எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்போம். மெக்கானிக்ஸில் அந்தத் திருப்பம் எது என்பதைச் சொல்ல முடியும். ஒரு விட்டத்தை, அதாவது பாரம் தாங்கும் உத்தரத்தை, அதன் தாங்குமிடங்களிலிருந்து தனியே பிரித்தெடுத்து, அதன்மீது செயல்படும் எல்லா விசைகளையும் வரைகிற ஃப்ரீ பாடி டயகிராம்தான் அது. ஊசியால் பிணைத்த தாங்கி (pin) இரண்டு எதிர்வினை விசைகளைத் தரும், உருளைத் தாங்கி ஒன்றைத் தரும், இறுக்கிப் பதித்த முனை இரண்டு விசைகளோடு ஒரு திருப்புத்திறனையும், அதாவது விசையின் சுழற்றும் விளைவையும், தரும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் வெறும் தாளில் விட்டத்தை வரைந்து, தெரியாத விசைகள் எத்தனை என்று எண்ணி, அவற்றுள் அதிகமானவை சந்திக்கும் புள்ளியைத் திருப்புத்திறன் எடுப்பதற்குத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு தீர்மானம், பிறர் எழுதிய விடையில் 'புள்ளி ஏ வழியாகத் திருப்புத்திறன் எடுக்க' என்ற ஒற்றை வரியாக முடிந்திருக்கும். ஏன் ஏ, ஏன் பி இல்லை என்பதை அந்த வரி சொல்லாது. அதன்பின் வருவதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். விடையைப் பார்த்துப் 'புரிந்துகொண்டு' எழுதுபவர், கணக்கின் கடினமான பாதி எதுவோ அதை மட்டும் தவறாமல் தவிர்த்துவிடுகிறார். நண்பரின் தாளுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் விடையைக் கேட்டாலும் நடப்பது இதுவே. அது இன்னும் தெளிவாக விளக்கும் என்பதால் புரிந்துவிட்டது என்ற உணர்வு இன்னும் வலுவாக ஏற்படும்.

இந்த ஏமாற்றம் உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2006ஆம் ஆண்டு ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழு அதை நான்கு கட்டங்களிலும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் கட்டத்தில் மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் தாளை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழானது: 40க்கு எதிராக 61. எது தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே. அது உரைநடைப் பகுதியை வைத்துச் செய்த சோதனை; மெக்கானிக்ஸ் கணக்குக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் 'குறிப்பேட்டைப் படிக்கும்போது புரிகிறது' என்ற உங்கள் சான்று எவ்வளவு வலுவற்றது என்பதை அது காட்டுகிறது. அந்த உணர்வை நம்பித்தான் ஆறு மணி நேரத்தையும் செலவிடுகிறீர்கள். அந்த நேரத்தை ஏழாக்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

என்ன செய்யலாம்

விடைத்தாளை இந்த வாரமே போய்ப் பாருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் திருத்திய தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை. மறுமதிப்பீடு கேட்கவும் வழி உண்டு. ஆனால் இரண்டுக்கும் காலக்கெடு உண்டு, அது பெரும்பாலும் மிகக் குறுகியது. கூட்டலில் பிழையோ திருத்தாமல் விடுபட்ட பக்கமோ இருந்தால் அப்போதுதான் தெரியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: நீங்கள் இழந்த 71 மதிப்பெண்கள் எங்கே போயின என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொரு இழப்புக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். கருத்தே தெரியவில்லையா, கருத்து தெரிந்தும் படத்தைத் தவறாக வரைந்தீர்களா, சமன்பாடு சரியாக இருந்தும் குறியிலோ இயற்கணிதத்திலோ சறுக்கினீர்களா, நேரம் போதவில்லையா? கணிதத் தாளில் இந்தப் பிரிப்பு பலருக்கு வியப்பைத் தரும். வகை நுண்கணிதம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தாளில் பார்த்தால் வகையிட்டது சரியாக இருக்கும், பின்னத்தைச் சுருக்கியதும் முக்கோணவியல் முற்றொருமையைப் பயன்படுத்தியதும் பிழையாக இருக்கும். அது பள்ளிப்பாடத்தில் உள்ள ஓட்டை, சில வாரங்களில் அடைத்துவிடலாம். கருத்தே தெரியவில்லை என்றால் அதற்கு வேறு வகை உதவி வேண்டும். எது என்று தெரியாமல் 'எனக்குக் கணிதம் வராது' என்று தீர்ப்பெழுதுவது, அறிக்கையைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வதாகும்.

படிக்கும் முறையில் ஒரே ஒரு மாற்றம்தான் சொல்வேன், மற்றவை தாமாகவே பின்தொடரும். விடை அருகில் இல்லாமல் ஒரு கணக்கோடு இருபது நிமிடம் இருங்கள். முதல் பத்து நிமிடத்தில் எதுவும் நகராது. அதுதான் நீங்கள் இதுவரை தவிர்த்து வந்த பகுதி. படத்தை வரையுங்கள், தெரிந்ததையும் தெரியாததையும் எழுதுங்கள், எந்த விதி பொருந்தும் என்று ஊகியுங்கள், தவறான பாதையில் போய்த் திரும்புங்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகும் நகரவில்லை என்றால் விடையைத் திறந்து, நீங்கள் நின்ற இடத்துக்கு அடுத்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுங்கள். மறுநாள் அதே கணக்கை வெறும் தாளிலிருந்து மீண்டும் போடுங்கள். இப்படி ஒரு மாலையில் மூன்று கணக்குகளுக்கு மேல் முடியாது, மூன்றே போதும். நிரலாக்கத்துக்கும் இதே வழிதான்: நிரலை ஓட்டுவதற்கு முன் அது என்ன வெளியிடும் என்று தாளில் எழுதிவைத்து, ஓட்டியபின் ஒப்பிடுங்கள், வேறுபடும் இடத்தில்தான் உங்களுக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியவர்கள் உங்கள் வகுப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் முன்னதாகத் தொடங்கியவர்கள், அவ்வளவே.

இந்த முறைக்கு மாறியதும், முன்பைவிடக் குறைவாகப் படிப்பதுபோலவும் ஒன்றும் ஏறாததுபோலவும் தோன்றும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் லூயி டெஸ்லோரியேயும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. தாங்களே முயன்று கணக்குப் போட்ட மாணவர்கள், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். உங்களுக்கும் அந்த உணர்வு வரும். அதனால் முறையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பேராசிரியரிடம் போவதற்கு இதுவே நுழைவாயிலாகவும் அமையும். 'சார், எனக்கு மெக்கானிக்ஸ் புரியவில்லை' என்று சொன்னால் அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. நீங்கள் நின்றுபோன தாளை எடுத்துச் சென்று, 'இந்த இணைப்பில் விசை எந்தத் திசையில் இருக்கும் என்று தீர்மானிக்க முடியவில்லை' என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் அவர் தீர்த்துவைப்பார். உங்கள் நிலை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறீர்கள். உங்கள் 29ஐ அவர் ஏற்கெனவே அறிவார். அவருக்குத் தெரியாதது, நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதுதான். அவரிடம் போகத் தயங்கினால் டுட்டோரியல் நடத்தும் ஆய்வு மாணவரிடமிருந்து தொடங்கலாம்.

அலகைப் பற்றிய மனக்குறைக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் நான் உங்கள் பக்கம் இல்லை. 1999 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றிவர அனுப்பப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தை நாசா இழந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள், உந்துபொறியின் கணத்தாக்கை (விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கிய அளவை) பவுண்டு விசை-நொடியில் தந்தது. அதைப் பெற்றுக்கொண்ட பகுதி நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. எண்ணில் பிழையில்லை, அலகில்தான் பிழை. உங்கள் தாளைத் திருத்தியவர் கறாராக இருந்தார் என்பது உண்மை; அநியாயமாக இருந்தார் என்று சொல்ல முடியாது.

பார்த்து எழுதியதைப் பற்றி

'எல்லாரும் அப்படித்தான்' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விதிப்புத்தகம் அப்படிப் பார்ப்பதில்லை. பிறர் விடையைத் தன்னுடையதாகச் சமர்ப்பிப்பது பல பல்கலைக்கழகங்களில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. அந்த அசைன்மென்ட்டுக்குப் பூச்சியம் என்பதிலிருந்து பாடத்தில் தோல்வி, இடைநீக்கம் வரை அது போகலாம். விடையைக் கொடுத்தவரையும் பல இடங்களில் சமமாகவே தண்டிக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் நண்பர் அந்த ஆபத்தை அறிந்தே தந்தாரா என்பது எனக்கு ஐயம். அதே சமயம், கணக்கைக் கூடிப் பேசித் தீர்ப்பதைப் பல பேராசிரியர்கள் அனுமதிக்கிறார்கள், ஊக்குவிக்கவும் செய்கிறார்கள். பேசியபின் தாளை மூடிவிட்டுத் தனியாக எழுத வேண்டும் என்பதே பொதுவான எல்லை. ஆய்வகத்தில் குழுவாக எடுத்த அளவீடுகளை எல்லாரும் பயன்படுத்தலாம், கணக்கீடும் விளக்கமும் அவரவருடையதாக இருக்க வேண்டும்; எடுக்காத அளவீட்டை எழுதுவது மட்டும் எங்கும் ஏற்கப்படாது. உங்கள் பாடத்தின் எல்லை எது என்பதை விதியில் படியுங்கள், தெளிவில்லை என்றால் கேளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்தவற்றை என்ன செய்வது? இங்கே இரு பக்கமும் எடையிருக்கிறது. தானே முன்வந்து சொல்பவரிடம் சற்று இளக்கம் காட்டும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் அதற்கு உறுதியில்லை. நீங்கள் சொன்னால் நண்பரும் விசாரணைக்குள் வருவார். ஆகவே அவசரப்பட்டு மின்னஞ்சல் எழுத வேண்டாம். மாணவர் நல அலுவலகத்திலோ ஆலோசகரிடமோ, பேசுவது ரகசியமாக இருக்குமா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, உங்கள் நிறுவனத்தின் நடைமுறையைக் கேட்டறிந்து முடிவெடுங்கள். எப்படி முடிவெடுத்தாலும், அடுத்த அசைன்மென்ட்டிலிருந்து நிறுத்திவிடுங்கள். மதிப்பெண் 92இலிருந்து 60க்கு இறங்கலாம். அந்த 60 உங்களுடைய நிலையை உள்ளபடி காட்டும். தேர்வில் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லும்.

தொடர்வதா, மாறுவதா, விடுவதா

நீங்கள் மூன்று வழிகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான்காவது ஒன்றும் உண்டு, அதையே முதலில் பாருங்கள்: ஒரு பாடத்தை மட்டும் இந்தப் பருவத்தில் விலக்கிக்கொண்டு பின்னர் எடுப்பது. பல பல்கலைக்கழகங்கள் ஒரு குறிப்பிட்ட தேதி வரை இதை அனுமதிக்கின்றன. சுமை குறையும், தோல்வி பதிவாகாது. ஆனால் மெக்கானிக்ஸை விலக்கினால் அதை அடிப்படையாகக் கொண்ட பொருள் வலிமைப் பாடம் தள்ளிப்போகும், அதன்மேல் நிற்கும் கட்டமைப்புப் பாடங்களும் தள்ளிப்போகும். அந்தப் பாடத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள் என்றால் ஓராண்டே நீளலாம். உதவித்தொகையோ கல்விக்கடனோ பெறுபவர் என்றால், குறைந்தபட்சக் கிரெடிட் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெற்றபின்னரே கையெழுத்திடுங்கள்.

கணினிப் பிரிவுக்கு மாறினால் கணிதம் குறையும் என்பது நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்று. குறையாது, வகை மாறும். தனிநிலைக் கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவை அங்கே காத்திருக்கின்றன, அவற்றில் நிறுவல்கள் கூடுதலாகவே இருக்கும். முதலாண்டுக் கணிதம் பெரும்பாலும் எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. ஒரு பாடத்திலிருந்து தப்புவதற்காகப் பிரிவு மாறுபவர் அதே பாடத்தை வேறு வாசலில் சந்திப்பார். நிரல் எழுதும்போது நேரம் போவதே தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் நானே மாறச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மாறாக, பாலம் எப்படி நிற்கிறது என்று சிறு வயதிலிருந்து யோசித்ததாக ஒரு வரி இருக்கிறது.

படிப்பை விடுவது வெட்கத்துக்குரியதன்று. சிலருக்கு அதுவே சரியான முடிவு. ஆனால் விடுவதற்கும் விடுப்பு எடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. உடல்நலம் அல்லது மனநலம் காரணமாக இடைவிடுப்பு எடுத்தால் பெரும்பாலும் இடம் காக்கப்படும். விலகிவிட்டால் திரும்பச் சேர்வது புதிய விண்ணப்பமாகிவிடலாம். ஆலோசகரோ மருத்துவரோ ஓய்வு தேவை என்று கருதினால் இடைவிடுப்பைத் தயங்காமல் கேளுங்கள்.

அந்த நிலை இல்லையென்றால் என் கருத்து இது: இப்போது முடிவெடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது, பார்த்து எழுதிப் பழகியபின், உறங்காமல் எழுதிய ஒரே ஒரு தேர்வின் முடிவு மட்டும். அதைக் கொண்டு உங்கள் திறனைப் பற்றி எதையும் அறிய முடியாது. விலகல் காலக்கெடுவுக்கு ஒரு வாரம் முன்பான ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை தனியாகக் கணக்குப் போடுங்கள், உறங்குங்கள், குறைந்தது இருமுறையேனும் பேராசிரியரையோ டுட்டோரியல் ஆசிரியரையோ பாருங்கள். அந்தத் தேதியில் பழைய இடைத்தேர்வுத் தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி நீங்களே திருத்துங்கள். ஏற்றம் தெரிந்தால் தொடருங்கள். கணிதம் ஏறி மெக்கானிக்ஸ் மட்டும் அசையவில்லை என்றால் அதை விலக்குவதைப் பற்றித் துறை ஆலோசகரிடம் பேசுங்கள். எதுவுமே அசையாமல், படிக்க உட்காருவதே வெறுப்பாக இருக்குமானால், விலகுவதைப் பற்றி நாம் அப்போது பேசுவதற்கு நியாயம் இருக்கும்.

அரங்கில் இருக்கும் மற்றவர்கள்

முந்நூறு பேருக்கும் புரிகிறது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று, அவர்கள் கைதூக்கிக் கேட்பதில்லை என்பது. நீங்களும் கேட்பதில்லை. பின்வரிசையில் இருக்கும் ஒருவர் உங்களைப் பார்த்து என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எழுதிய கட்டுரையில், நன்றாகச் சாதித்த பெண்கள் பலர் தாங்கள் தகுதியின்றி உள்ளே வந்துவிட்டதாகவும் எந்நேரமும் பிடிபடலாம் என்றும் நம்புவதை விவரித்தார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் 'வெளிப்பட்டுவிடும்' என்ற அச்சம் அதையே ஒத்திருக்கிறது. அதற்குப் பெயர் சூட்டிவிடுவதால் அது போய்விடாது. பக்கத்தில் அமர்பவர் இருவரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒருமுறை கணக்குப் போட உட்காருங்கள். மற்றவர்களும் எங்கே திணறுகிறார்கள் என்பது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். உட்காருவதற்கு முன் ஒவ்வொருவரும் தனியாக முயன்றிருக்க வேண்டும் என்பதை மட்டும் விதியாக வையுங்கள், இல்லையென்றால் அதுவும் பார்த்து எழுதும் கூட்டமாகிவிடும்.

வீட்டில் சொல்வது

எப்போது சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விடைத்தாளைப் பார்த்த பிறகு, ஆனால் பருவத் தேர்வு முடிவு வருவதற்கு முன். தாளைப் பார்க்குமுன் சொன்னால் அவர்கள் 'ஏன்' என்று கேட்கும்போது உங்களிடம் அழுகையைத் தவிர வேறு பதில் இருக்காது. முடிவு வந்தபின் சொன்னால் மதிப்பெண்ணைவிட மறைத்ததே அவர்களை அதிகம் வருத்தும். என்ன நேர்ந்தது, எங்கே இழந்தீர்கள், எந்தத் தேதி வரை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். உடனே பிரிவை மாற்று என்றோ, திரும்பி வந்துவிடு என்றோ அவர்கள் சொன்னால், அந்தத் தேதி வரை அவகாசம் கேளுங்கள். முதலில் ஒருவரிடம் மட்டும் சொல்வதும் தவறில்லை. பெற்றோர் இருவரில் யார் குறைவாகப் பதறுவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் உறக்கமின்மையையும் அந்த இரவுகளையும் பற்றிச் சொல்வதற்கு விடைத்தாள் வரை காத்திருக்க வேண்டாம். அதை இன்று இரவே சொல்லலாம்.